அலுமினியம் ப்ராஜெக்ட் எடுக்கிறவர்களுக்கு, வைவாவில் நான் மாட்டிய கதை

முதல் கேள்வியே, "ஃபர்னஸிலிருந்து எடுத்துத் தண்ணீரில் போட்டதும் சாம்பிள் ஹார்டு ஆச்சா, சாஃப்ட் ஆச்சா?" தக்கலைப் பக்கம் கொல்லப்பட்டறையில் ரப்பர் பால்வெட்டும் கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், யோசிக்காமல் ஹார்டு என்றேன். போச்சு. அது எஃகுக்குத்தான். 6061 என்ற அலுமினியக் கலவையை 530 டிகிரி செல்சியஸில் வைத்துச் சட்டென்று குளிர வைத்தால் மக்னீசியமும் சிலிக்கானும் கரைந்தபடியே உள்ளே மாட்டிக்கொள்ளும், கடையில் வாங்கிய டி6 (ஏற்கெனவே கடினமாக்கிய நிலை) கம்பியைவிட அப்போது மென்மையாகத்தான் இருக்கும். அப்புறம் 175 டிகிரியில் 8 மணி நேரம் போல ஏஜிங் செய்யும்போதுதான், அதாவது மிதமான சூட்டில் வைத்திருக்கும்போதுதான், நுண்ணிய படிவுகள் உருவாகிக் கடினம் ஏறும்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று செய்திருந்தேன். வெள்ளிக்கிழமை குவென்ச் செய்த, அதாவது தண்ணீரில் சட்டென்று குளிர வைத்த, சாம்பிளை மேசையில் வைத்துவிட்டு நாகர்கோவில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன், திங்கட்கிழமை விக்கர்ஸ் (வைர முனையை எடை வைத்து அழுத்தி, விழும் குழியை வைத்துக் கடினம் அளப்பது) எடுத்தால் எண் ஏறிக் கிடக்கிறது. மெஷினைத் திட்டினேன், பாவம். அறை வெப்பத்திலேயே இந்த அலுமினியம் ஏஜ் ஆகும், அதாவது தானாகவே கடினம் ஏறும். 1906இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் வில்ம் செம்பு கலந்த அலுமினியத்தில் கண்டதும் இதைத்தான். குவென்ச் செய்த அன்றே அளந்துவிடுங்கள், முடியாவிட்டால் ஃப்ரீசரில் வையுங்கள், அங்கே இந்த மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். இரண்டாம் தடவை என் சாம்பிள் வீட்டு ஃப்ரீசரில் சூரை மீனுக்குப் பக்கத்தில் இருந்தது, அம்மா கேட்ட கேள்விகள் வைவாவைவிடக் கஷ்டம்.

தியரியில் ஒரே ஒரு படத்தைக் கையால் வரைந்து பழகுங்கள்: ஏஜிங் நேரம் கூடக் கூடக் கடினம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும் வளைவு. ஏன் இறங்குகிறது என்று கட்டாயம் கேட்பார்கள். படிவு சின்னதாக இருக்கும்போது டிஸ்லொகேஷன் (உலோகம் வளையும்போது உள்ளே நகரும் அணு வரிசைக் குறை) அதை வெட்டிக்கொண்டு போகும், ஒரு தடவை வெட்டிய தளத்திலேயே அடுத்ததும் போவதால் நழுவல் சில பட்டைகளில் மட்டும் குவியும். நேரம் அதிகமானால் படிவுகள் பெருத்து, எண்ணிக்கை குறைந்து, இடைவெளி விடும். டிஸ்லொகேஷன் அவற்றைச் சுற்றி வளையம் போட்டுவிட்டு நழுவிவிடும், அதனால்தான் கடினம் இறங்குகிறது. இதுதான் ஓரோவான் வளையம்.

அளக்கும்போது எல்லா சாம்பிளுக்கும் ஒரே எடை வையுங்கள். எடை மிகக் குறைந்தால் அதே உலோகமே கடினமாகக் காட்டும், நான் பாதியில் எடையை மாற்றி ஒரு நாள் ரீடிங்கை அப்படியே தூக்கிப்போட்டேன். ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் குழியின் மூலைவிட்டத்தைப் போல ஆறு மடங்காவது தள்ளி வையுங்கள். பாலிஷ் சரியில்லை என்றால் மூலை தெரியாது, அதற்கு மட்டும் நேரம் பார்க்காதீர்கள்.