எலும்பைச் சுடாமல் துளையிடுவது

பல் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் துளையிட்டுத் திருகிப் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) ஆடினால் கிருமித் தொற்று, புகை, சர்க்கரை நோய் என்று காரணம் தேடுகிறோம். அவையும் காரணமாகலாம். ஆனால் முதல் சில வாரங்களிலேயே ஆடினால், துளையிட்ட அந்தச் சில நிமிடங்களையும் சந்தேகிக்க வேண்டும். ட்ரில்லின் உராய்வில் எலும்பு சூடேறும்.

எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருப்பதுதான் அது தாங்கும் எல்லை என்பதை 1983இல் ஆய்வாளர்கள் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயல் எலும்பில் காட்டினார்கள். உடல் வெப்பம் 37 டிகிரி. நமக்குக் கிடைப்பது 10 டிகிரி இடைவெளிதான். வெந்துபோன எலும்பு இம்ப்ளான்ட்டைப் பற்றாது. இடையில் நார்த்திசு வளர்ந்துவிடும்.

சூடேறினால் உடனே ட்ரில் சுழலும் வேகத்தைக் குறை சொல்கிறோம். மழுங்கிய ட்ரில்லை அழுத்தித் தள்ளுவதுதான் பெரும்பாலும் வினை. கூரான ட்ரில் எலும்பைச் சீவும், மழுங்கியது தேய்க்கும். ட்ரில்லின் பள்ளங்களில் எலும்புத் தூள் அடைத்துக்கொண்டால், குளிர்விக்கப் பீய்ச்சும் சலைன் (உப்புக்கரைசல்) நுனிவரை இறங்காது. ஓரிரு விநாடி இறக்கி, சுழற்சியை நிறுத்தாமல் வெளியே எடுத்து, தூள் கழுவப்பட்டதும் மறுபடி இறக்க வேண்டும். முதல் துளை போடும் 2 மில்லிமீட்டர் பைலட் ட்ரில்லுக்குப் பின் விட்டத்தைப் படிப்படியாகக் கூட்டினால், ஒவ்வொரு ட்ரில்லும் கொஞ்சம் எலும்பை மட்டுமே வெட்டும். சர்ஜிக்கல் கைடு (ட்ரில்லை வழிநடத்தும் அச்சு) வைக்கும்போது கூடுதல் கவனம் தேவை: அதன் வளையமே வெளியிலிருந்து வரும் சலைனை மறித்துவிடும். ஒவ்வொரு ட்ரில்லுக்கும் இடையே குளிர்ந்த சலைனைச் சிரிஞ்சால் துளைக்குள் பீய்ச்சுவது நல்லது.

பக்கவாட்டில் கை ஆடினால் துளை நீள்வட்டமாகும். பிடிமானம் அங்கேயே போய்விடும்.

எலும்பின் தன்மைக்கேற்ப முறை மாற வேண்டும். மேல்தாடையின் பின்பகுதி பஞ்சு போன்றது. அங்கே கடைசி ட்ரில்லைத் தவிர்த்து, துளையைச் சற்றுக் குறுகலாக விட்டால் இம்ப்ளான்ட் இறுகும். அதே பழக்கத்தைக் கீழ்த்தாடையின் முன்பகுதியில் காட்டக் கூடாது. அந்தக் கெட்டி எலும்பில் டார்க் (இம்ப்ளான்ட்டைத் திருகும் முறுக்குவிசை) கட்டுமீறி ஏறும். இறுகப் பிடித்தது என்ற மகிழ்ச்சி ஏமாற்றும். நசுங்கிய எலும்பில் இரத்த ஓட்டம் தடைபட்டு, விளிம்பு கரையத் தொடங்கும். 35 நியூட்டன் சென்டிமீட்டர் டார்க் பொதுவாகப் போதும். அதற்கு மேல் முரண்டு பிடித்தால் இம்ப்ளான்ட்டைத் திருப்பி வெளியே எடுத்து, மேல்விளிம்பை அகலப்படுத்தவும் அல்லது டேப் (துளைச் சுவரில் திருகுமரை வெட்டும் கருவி) போடவும்.

நன்றாகத் துளையிட்டாலும் இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம்வரை பிடிமானம் சற்றுக் குறையும். பழைய எலும்பு கரைந்து, புதியது இன்னும் முற்றாத இடைவெளி அது. அந்த வாரங்களில் இம்ப்ளான்ட்டைத் திருகிச் சோதிப்பதையும் மெல்லும் அழுத்தம் ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.