லுனுகங்கா: கட்டடக்கலைஞரை உருவாக்கிய தோட்டம்

கொழும்பிலிருந்து காலி போகும் சாலையில் பெந்தோட்டை வந்ததும் கடலை விட்டு உள்பக்கம் திரும்ப வேண்டும். கொஞ்ச தூரத்தில் தெத்துவ ஏரி. அதன் கரையில் இருக்கிறது இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் தோட்டமான லுனுகங்கா.

பாவா இங்கிலாந்தில் சட்டம் படித்தவர். வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை. இத்தாலியில் ஏரிக்கரையோரம் ஒரு வில்லா வாங்கிக் குடியேற நினைத்தார், கைகூடவில்லை. ஊர் திரும்பி 1948இல் இந்த இடத்தை வாங்கினார். டச்சுக்காரர் காலத்தில் கறுவா (இலவங்கப்பட்டை) தோட்டமாகவும் பிறகு ரப்பர் தோட்டமாகவும் இருந்து, கைவிடப்பட்டுக் கிடந்த நிலம். அதைத் தன் மனதுக்குப் பிடித்தபடி மாற்ற முயன்றபோதுதான், அதற்கான தொழில்நுட்பம் தன்னிடம் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. சரி என்று லண்டனுக்குப் போய் கட்டடக்கலை படித்து, 1957இல், 38 வயதில் தேறினார். இலங்கை நாடாளுமன்றமும் கண்டலம ஹோட்டலும் நம் மதுரை கிளப்பும் பிற்பாடு அவர் கையிலிருந்து வந்தவை. எல்லாவற்றுக்கும் வித்து இந்தத் தோட்டம் என்றே நான் நினைக்கிறேன்.

வீட்டின் தெற்கு வாசலில் நின்று பார்த்தால் புல்மேடு ஒன்று மெதுவாக மேலேறுகிறது. பெயர் கறுவா மலை. உச்சியில் ஒரு மகிழ மரம், அதன் நிழலில் பெரிய சீனத்து ஜாடி. அதைத் தாண்டிப் போகும் பார்வை ஏரியில் விழுந்து, தூரத்தில் கட்டகுலிய விகாரையின் வெள்ளைத் தூபியில் போய் நிற்கிறது. இயற்கையாக அமைந்த காட்சி என்றே தோன்றும். உண்மையில் ஏரி கண்ணில் பட வேண்டும் என்பதற்காக மேட்டின் தலையைச் சீவியிருக்கிறார்கள். நடுவே குறுக்கிடும் பொதுப்பாதையைப் பள்ளத்தில் மறைத்திருக்கிறார்கள். அந்த ஜாடிதான் இத்தனை தொலைவையும் ஒரே கோட்டில் கட்டிப் போடுகிறது. அதை மட்டும் அங்கிருந்து எடுத்துவிட்டால் காட்சி சிதறிவிடும்.

மொட்டைமாடி போல் விரியும் வடக்குத் திண்ணையோரம் ஈழத்தலரி மரங்கள். இளங்கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு, அவை பக்கவாட்டில் படரும்படி வளர்த்திருக்கிறார் பாவா. கிளைகள் முழங்கை மடித்தது போல் வளைந்து, மறுபடி மேல்நோக்கி எழுகின்றன. பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒரு மரத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை பெரிய விஷயம்.

தோட்டத்தில் அங்கங்கே மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு தொனி. பாவா எந்த மணியை அடிக்கிறாரோ, அதை வைத்தே அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று வேலையாட்கள் தெரிந்துகொண்டு தேநீரோ சாப்பாடோ கொண்டு போவார்களாம். கீழே வயலை ஒட்டி அல்லிக் குளங்கள், ஏரிக்கரையில் லக்கி சேனநாயக்க வடித்த சிறுத்தை.

1998இல் பக்கவாதம் வந்து பாவா முடங்கினார். 2003இல் காலமானார். அவர் உடலைத் தகனம் செய்தது அந்தக் கறுவா மலையில்தான். இப்போது ஓர் அறக்கட்டளை தோட்டத்தைப் பராமரிக்கிறது. முன்பதிவு செய்து சுற்றிப் பார்க்கலாம், தங்கவும் செய்யலாம். வீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், ஏரிக்கரை வரை இறங்கி நடங்கள்.

அப்புறம், பாத்திக் (மெழுகுச் சாயத் துணி ஓவிய) கலைஞர் ஈனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் பாவா 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீட்டையும் இங்கே பார்க்கலாம். அந்த மனை கைமாறி வீடு இடிபடும் நிலை வந்தபோது, கல் கல்லாகக் கழற்றி, எண் போட்டு, இங்கே கொண்டு வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.