ஜூலனின் மணிக்கட்டு

2002 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கி, 2022 செப்டம்பரில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் முடித்தார் இந்தியப் பெண்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி. 204 ஒருநாள் ஆட்டங்கள், 255 விக்கெட்டுகள்.

கணக்கு கிடக்கட்டும். வேலூரில் வேகப்பந்து பழகும் பெண்கள் கவனிக்க வேண்டியது அவருடைய மணிக்கட்டை. வலக்கை மட்டையாளருக்கு இன்ஸ்விங் (காற்றில் அவரை நோக்கி உள்ளே வளையும் பந்து) வீச, பந்தின் தையல் ஃபைன் லெக் பக்கம், அதாவது அவருடைய கால் பக்கத்துப் பின்புறம், லேசாகச் சாயணும். பளபளப்பான பாதி அதற்கு எதிரே, ஆஃப் பக்கம் இருக்கணும். இரண்டு விரலும் தையலை ஒட்டி, கட்டைவிரல் அடியில். விடும் நொடியில் மணிக்கட்டு சரிந்தால் தையல் தள்ளாடும்; அப்புறம் ஸ்விங் எங்கே வரும்?

நம்ம ஊர் கட்டாந்தரையில் பளபளப்பு சீக்கிரம் போய்விடும், ஒரு பக்கத்தை விடாமல் துடைங்க. பந்து வாங்கும்போது எடையைப் பாருங்க: பெண்களுக்கு 140 முதல் 151 கிராம். ஆண்கள் பந்து 156க்குக் குறையாது. அதை வைத்தே பழகினால் ஆட்டத்தன்று பிடியும் அளவும் மாறிப்போகும்.