அபராதம் என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள்

நேற்று சத்சங்கம் முடிந்து, பிரசாதத் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு அம்மா மெதுவாக உண்டியல் கணக்கைப் பற்றிக் கேட்டார். உடனே ஒருவர் "வைஷ்ணவ அபராதம்மா, பேசாதீங்க" என்றார், அதாவது அடியாரைக் குறை சொல்லும் பாவமாம். அந்த அம்மா தொன்னையையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஹரே கிருஷ்ணா இயக்கமான இஸ்கானை நிறுவிய பிரபுபாதர் 1977இல் மறைந்தபின் அங்கே 11 சீடர்கள் குருவாக அமர்ந்தார்கள், அதில் பலர் வழுவினார்கள், குருகுலப் பிள்ளைகள் பட்ட கொடுமை வெளியே வரவும் வருடக்கணக்கானது. கடைசியில் 1998இல் இயக்கத்தின் சொந்த இதழே அதை எழுதியது. அதனால் நாமஜபம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

புறம் பேசுவது வேறு, பொறுப்பில் இருப்பவரிடம் நேராகக் கேட்பது வேறு. சரி, அடுத்த ஏகாதசிக்குள் கணக்கு நோட்டைச் சபையில் வையுங்கள் என்று நானும் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த அம்மாவை என் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.