ஆடம்ஸ் உறை

பிப்ரவரி 3
கடைசியில் ஏலத்துக்கு வந்தேவிட்டது. மைக்கேல் ஆடம்ஸ் கையெழுத்திட்ட தபால் உறை. அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தை ஓட்டிய 12 பேரில் எனக்குக் கிடைக்காதவர் இவர் ஒருவர்தான். ஏலம் முடிவது 20-ஆம் தேதி. கண் அறுவை சிகிச்சை 12-ல். இரண்டும் இப்படியா வந்து சேர வேண்டும்!

பிப்ரவரி 4
ராத்திரி முழுக்கக் கணக்கு. அது அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் போனவர்களின் விண்வெளி நடைக்கு வெளியிட்ட இரட்டைத் தபால்தலையின் முதல் நாள் உறை, அதாவது வெளியான அன்றே முத்திரை குத்தியது. முத்திரை 1967 செப்டம்பர் 29. ஆடம்ஸ் இறந்தது அதே ஆண்டு நவம்பர் 15. நடுவே இருப்பது 47 நாள். அதற்குள் யாரோ ஒருவர் உறையை அவரிடம் சேர்த்து, அவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நடக்காதது இல்லை. ஆனால் போலி போடுகிறவனுக்கும் பழைய உறை கிடைக்கும். முத்திரை அசல் என்பதால் மையும் அசல் ஆகிவிடாது.

விற்பவர் ‘நீல மை’ என்று எழுதியிருக்கிறார். எனக்குக் கறுப்பாகத்தான் தெரிகிறது. அதுவே உறுத்துகிறது.

பிப்ரவரி 6
சொட்டு மருந்து ஆரம்பம்.

பிப்ரவரி 7
சோதனை விமானி சக் யேகர் கையெழுத்திட்ட படத்தை எடுத்துப் பார்த்தேன். 1947 அக்டோபர் 14, அவர் ஒலி வேகத்தைத் தாண்டிய நாள். இரண்டு நாள் முன்பு குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு உடைந்திருந்தது. விமானத்தின் கதவைச் சாத்த முடியவில்லை. துடைப்பக் கட்டையை அறுத்துக் கொடுத்து வழி செய்தவர் பொறியாளர் ஜாக் ரிட்லி. யேகர் 97 வயது வரை இருந்தார், நிறையக் கையெழுத்துப் போட்டார். ரிட்லி 1957-லேயே ஜப்பானில் விமான விபத்தில் போய்விட்டார். அவர் கையெழுத்து ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. சீக்கிரம் செத்தவர்களுக்குத்தான் இந்தச் சந்தையில் விலை. அதைத் தெரிந்துகொண்டே வாங்குகிறேன், வேறென்ன சொல்ல.

பிப்ரவரி 9
பழைய ஏலப் பட்டியலில் இருந்த ஆடம்ஸ் கையெழுத்தை டிரேசிங் தாளில் எடுத்து, இந்த உறையின் அச்செடுத்த படத்தின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பொருந்தவில்லை. நல்லது! அச்சு அசலாகப் பொருந்தியிருந்தால்தான் பயம். ஒரே ஆள் இரண்டு தடவை ஒரே மாதிரி போடமாட்டான்; ஆட்டோபென் இயந்திரம்தான் போடும். சாய்வு ஒன்றுதான். கடைசி எழுத்தில் பேனா வேகமாக விலகி, கோடு மெலிந்து முடிகிறது. வரைகிற கை அங்கே தயங்கி ஒரு புள்ளி வைத்திருக்கும்.

நாலு மணி நேரம் போய்விட்டது. கண்ணில் நீர். மகள் பூதக்கண்ணாடியை எங்கோ ஒளித்துவிட்டாள்.

பிப்ரவரி 11
நாளைக்கு. ஆடம்ஸையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2,66,000 அடி உச்சியை நெருங்கும்போது விமானத்தின் மூக்கு மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. இறங்கும்போது ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் சுழல். அதிலிருந்து மீட்டுவிட்டார். அதன்பிறகுதான் விமானம் மேலும் கீழுமாக ஆட ஆரம்பித்து உடைந்தது. எக்ஸ்-15-இல் அது அவருக்கு ஏழாவது பறத்தல்.

எனக்குப் பத்து நிமிட வேலை என்கிறார் மருத்துவர். சரி.

பிப்ரவரி 12
முடிந்தது.

பிப்ரவரி 13
கட்டு எடுத்தார்கள். சுவர் வெள்ளையாக இருக்கிறது. இத்தனை நாள் மஞ்சள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 14
குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. ஆல்பங்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில்.

பிப்ரவரி 16
திரையில் அந்த உறையைப் பார்த்தேன். இடது கண்ணை மூடினால் நீலம். பளிச்சென்ற நீலம்! வலது கண்ணை மூடினால் பழைய கறுப்பு. மாறி மாறி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “அப்பா, கண்ணுக்கு ஓய்வு குடுங்கப்பா” என்று அடுத்த அறையிலிருந்து சத்தம்.

எக்ஸ்-15-ஐ முதலில் ஓட்டிய கிராஸ்ஃபீல்டின் படத்தையும் எடுத்துத் தரச் சொன்னேன். அந்தக் கையெழுத்தும் நீலம்.

பிப்ரவரி 17
விற்பவருக்கு இரண்டு கேள்வி அனுப்பினேன். கையெழுத்துக் கோடு முத்திரையின் மேல் ஓடுகிறதா, கீழா? உறை யாரிடமிருந்து வந்தது?

இரண்டுக்கும் பதில் இல்லை. நம்பகச் சான்றிதழின் படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார். அவரே அச்சடித்து, அவரே கையெழுத்திட்ட சான்றிதழ். அதை வைத்து நான் என்ன செய்ய?

பிப்ரவரி 18
ஜோ எங்கிள் 2024-ல் போனதோடு 12 பேரும் முடிந்தார்கள். அவர்களில் ஒருவரான நீல் ஆம்ஸ்ட்ராங் 1994-லேயே கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார். இனி யாரிடமும் எழுதிக் கேட்க முடியாது. இருப்பதுதான் கைமாறிக்கொண்டிருக்கும்.

கேட்பு விலை நேற்றைவிட இரண்டு மடங்கு.

பிப்ரவரி 19
பதில் வந்தது. முத்திரையின் ஓரத்தைப் பெரிதாக்கி எடுத்த படம். கோடு முத்திரையின் மேல்தான் போகிறது; அதாவது முத்திரைக்குப் பிறகு போட்டது. எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

மகளிடம் உச்ச வரம்பை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்புறம் அதை வாங்கி, அடித்து, மாற்றி எழுதினேன்.