சமன் குறிக்கு அந்தப் பக்கம்

"சேர், சத்தம் வெட்டி வெட்டி வருது."

இன்று பின்னேரம், திருக்கடலூர்க் கரை. இழுத்து வைத்த தோணியின் விளிம்பில் ஒரு பிள்ளை. கையில் போன், ஸூமில் கணக்குப் பாடம். சேரின் யன்னல் வெளிச்சம் பலகையில் பட்டு வலப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மடியில் இருந்த கொப்பியிலும் சமன் குறியோடு எழுத்து நின்றுவிட்டது.

உடனே பிள்ளையின் சிக்னலைத்தான் குறை சொல்வோம். ஒருவருக்கு மட்டும் வெட்டினால் அது சரி. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வெட்டினால் ஆசிரியரின் அப்லோட், அதாவது அனுப்பும் வேகம், போதவில்லை.

வீடியோ வினாடிக்கு 600 கிலோபிட் இழுத்தால் மணிக்கு 270 எம்பி. குரல் 80 கிலோபிட் என்றாலும் 36 எம்பிதான். நாற்பது வீட்டு மின்விசிறியைப் பார்த்து என்ன செய்யப் போகிறோம்? பிள்ளைகளின் கமராவை நிறுத்தலாம்.

பலகையும் வேண்டாம். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு புத்தக அடுக்கு, ஓரடி உயரம். குறுக்கே இரண்டு அடிமட்டம். அதன்மேல் கமரா கீழே பார்க்கப் போன். அடியில் வெள்ளைத்தாள், தடித்த பேனை. வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்தால் வரவேணும், இல்லாவிட்டால் கை நிழல் எழுத்தை மூடும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி, விடை சாட்டில். சாட் ஆசிரியருக்கு மட்டும் போகும்படி மாற்றாவிட்டால் முதல் வரும் விடையைத்தான் முழு வகுப்பும் எழுதும்!

வகுப்பு முடிய, கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார் சேர்.

பிள்ளை அனுப்பியது. சமன் குறி வரைக்கும்.