தூக்குவாளி

மார்ச் 3, திங்கள்
ஆபரேஷன் இன்று இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை 290. குறையட்டும் என்கிறார்கள். ராத்திரி பார்சல் தோசை.

மார்ச் 4, செவ்வாய்
நாலு பேருக்கு நாலு செட் தோசை. செட்டுக்கு ஒரு சாம்பார் கவர், ரெண்டு சட்னி கவர். ஆக 12. தோசைக்கு அடியில் இலை இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள், அது நாலு. மேலே எல்லாவற்றையும் போட்டுத் தர ஒரு பை. மொத்தம் 17. சாப்பிட்டது பத்து நிமிஷம்.

அந்த நூல் முடிச்சு இருக்கிறதே, அதை அவிழ்த்த மனுஷர் யாராவது உண்டா? சின்னவள் பல்லால் கடித்தாள், சாம்பார் யூனிஃபார்மில். 2019 ஜனவரி 1லிருந்து உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் கைப்பைக்கும் தமிழ்நாட்டில் தடை. கடையில் இதைச் சொன்னேன். "சாம்பாரை எதுல மேடம் ஊத்தறது, கையிலயா?" என்றார். பதில் சொல்ல வரவில்லை. என் கையிலும் ஒன்றும் இல்லையே.

மார்ச் 5, புதன்
நாளை காலை 8 மணி என்கிறார்கள். கையெழுத்து மட்டும் ஆறு இடத்தில்.

மார்ச் 6, வியாழன்
முடிந்தது. நல்லபடியாக.
காத்திருந்த நேரத்தில் நானும் இவரும் குடித்த டீ ஏழு. பேப்பர் கப் என்று பேர்தான், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. அதுவும் தடைப் பட்டியலில் உள்ளதுதான். ஏழையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்து பேசும்போதும் மடியில்தான்.

மார்ச் 7, வெள்ளி
கண் விழித்ததும் அம்மா கேட்டது: "பால் கவரைக் கழுவினியாடி?"
கழுவவில்லை.

மார்ச் 8, சனி
பரணிலிருந்து அம்மாவின் தூக்குவாளியை இறக்கினேன். வயிற்றில் ஒரு சொட்டை. மூடியில் அம்மா பேரும் 1984ம் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. அம்மாவின் கல்யாணச் சீர். புளி போட்டுத் தேய்த்து இரவுக் கடைக்கு எடுத்துப் போனேன். மாஸ்டர் ஒரு தரம் பார்த்துவிட்டு மூணு கரண்டி சாம்பார் ஊற்றினார். நாலு கவரில் வருவதைவிட அதிகம்! ஆனால் சட்னி கவரில்தான் வந்தது. சாயந்திரம் ஆறு மணிக்கே கட்டிக் கட்டி டப்பில் போட்டுவைத்து விடுகிறார்கள். கூட்டம் வந்தபின் யார் கட்டுவது? 7 மணிக்குப் போகிறவள் எந்தப் பாத்திரம் கொண்டுபோய் என்ன. இனி ஐந்தரைக்கே போகலாம். ஐந்தரைக்கு நான் ஆபீஸில் இருப்பேன்.

மார்ச் 10, திங்கள்
பால் கவரின் மூலையை முழுசாக வெட்டி எறியக் கூடாது, ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அந்தத் துணுக்கை எந்தப் பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டார். இன்று சிங்க்கின் சல்லடையில் பார்த்தேன், எட்டுத் துணுக்கு. ஒரு வாரத்து அவசரம். பொறுக்கினேன். கவர்களைக் கழுவி, அம்மா செய்கிற மாதிரியே டைல்ஸில் ஒட்டினேன். காய்ந்து ஒவ்வொன்றாகத் தானே விழுந்தன.

மார்ச் 11, செவ்வாய்
ஆப்பில் ஆர்டர். ஸ்பூன் வேண்டாம் என்று டிக் அடித்தும் நாலு வந்தது. பேசாதீர்கள் யாரும்.

மார்ச் 13, வியாழன்
வாக்கர் பிடித்து நாலு அடி நடந்தாள்!

மாவுக் கடைக்கு எவர்சில்வர் டப்பாவோடு போனேன். முதலில் காலி டப்பாவை நிறுக்கச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை, டப்பாவையும் சேர்த்து மாவு விலைக்கு வாங்கி வந்தேன். இவர் ஒரு வாரம் சிரிப்பார். சிரிக்கட்டும். மூன்று நாளைக்குத் தோசைக் கவலை இல்லை, கவர் பூஜ்யம்.

மார்ச் 15, சனி
கஞ்சி கேட்டாள். தூக்குவாளியில் கொண்டுபோனேன். மூடியிலிருந்த தன் பேரை விரலால் தடவிக்கொண்டே, "சொட்டை நீ போட்டதுடி, ஆறாவது படிக்கும்போது, மோர் வாங்கப் போய்" என்றாள். எனக்கு நினைவே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு
வாளியை ஆட்டோவில் விட்டுவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்
டிஸ்சார்ஜ் 4 மணிக்கு. ஸ்டாண்டில் மூன்று பேரிடம் கேட்டாகிவிட்டது. மஞ்சள் சட்டைக்காரர் இன்று வண்டி எடுக்கவில்லையாம்.